‘ரெக்ரஷன்’ என்பதற்குச் ‘சறுக்கல்’: ஒரு முன்மொழிவு

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலின் சோதனைக் கருவிகளைப் பற்றிய கையேட்டைத் தமிழில் எழுதும்போது ‘ரெக்ரஷன்’ (regression) என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் குறுக்கிடுகிறது. அதற்கு இதுவரை ‘பின்னடைவு’, ‘மீள்வழு’ என்ற இரண்டு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டையும் வரைவில் இட்டுப் படித்துப் பார்த்தபின், இரண்டுமே பொருளைத் தவறவிடுகின்றன என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

கெர்னலின் ஒரு பதிப்பில் ஒழுங்காக இயங்கிய பயன்பாடு, ஏறத்தாழ அதே அமைவுகளுடன் தொகுத்த (மூலநிரலிலிருந்து உருவாக்கிய) புதிய பதிப்பில் இயங்காமல் போனாலோ, முன்னைவிட மோசமாக இயங்கினாலோ அது ரெக்ரஷன் என்கிறது கெர்னல் ஆவணம். தொடக்கத்திலிருந்தே இயங்காத ஒன்று எவ்வளவு பெரிய குறையானாலும் இதில் சேராது. நேற்று 2 நிமிடத்தில் முடிந்த வேலை இன்று 5 நிமிடம் இழுத்தால், விடை சரியாகவே வந்தாலும், அது சேரும். லினக்ஸ் கெர்னலைக் கொண்ட இயங்குதளமான டெபியனும் இப்படித்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறது: புதிய பொதி (நிறுவுவதற்கான மென்பொருள் கட்டு) அடுத்த வெளியீட்டுக்கான ‘டெஸ்டிங்’ கிளைக்குள் நுழையும் முன் ஆட்டோபிகேஜிடெஸ்ட் என்ற தானியங்கிச் சோதனைகள் ஓடுகின்றன, முன்பு தேறிய சோதனை இப்போது தோற்றால்தான் அதை ரெக்ரஷன் என்று கொண்டு பொதியைத் தடுக்கிறார்கள். ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருந்த சோதனையைக் கணக்கில் கொள்வதில்லை.

‘மீள்வழு’ என்றால் ஒருமுறை திருத்திய வழு (நிரல் பிழை) திரும்பி வந்தது என்றே படிப்பவர் கொள்வார். அது ஒரு வகை மட்டுமே. அதைவிடப் பெரிய சிக்கல் ‘வழு’ என்ற பகுதியில் இருக்கிறது. பயனர் நிரல்களை உடைக்கக் கூடாது என்பது லினக்ஸ் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பல ஆண்டுகளாக வலியுறுத்திவரும் விதி. கெர்னலின் பழைய தவறு ஒன்றை நம்பியே ஒரு நிரல் ஓடிக்கொண்டிருந்து, அத்தவற்றைத் திருத்தியதால் அந்நிரல் நின்றுபோனால், அந்தத் திருத்தமும் ரெக்ரஷன்தான். வழு நீங்கிய இடத்தை ‘மீள்வழு’ என்று எப்படி அழைப்பது?

‘பின்னடைவு’ பழகிய சொல் என்பதை மறுக்கவில்லை. ஆனால் தேர்தல் முடிவு நாளில் வேட்பாளர் பின்னடைவு என்றும், நிதியில்லாமல் திட்டத்தில் பின்னடைவு என்றும் படித்துப் பழகிய கண்ணுக்கு, ‘கெர்னலில் பின்னடைவு’ என்பது வெளியீடு தாமதமாகிறது என்றே படும். புள்ளியியலில் இதே ஆங்கிலச் சொல்லைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘தொடர்புப் போக்கு’ என்கின்றன. துறைக்கொரு சொல் ஆள்வதில் தவறில்லை.

எனக்கு ஒரு சொல் கிடைத்தது பட்டறிவில்தான். புதிய கெர்னலை நிறுவியபின் என் மடிக்கணினியின் மூடியை மூடித் திறந்தால் திரை கறுப்பாகவே நின்றது; விசைப்பலகை விளக்கு மட்டும் எரிந்தது. பழைய கெர்னலில் இந்தத் தொல்லை இல்லை. கோளாறைக் கொண்டுவந்த மாற்றத்தைத் தேடித்தரும் கட்டளையான கிட் பைசெக்டிடம் பழையதை நல்லது என்றும் புதியதைக் கெட்டது என்றும் சொல்லிவிட்டுத் தொடங்கினேன். இடையே பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட கமிட்டுகள் (பதிவான நிரல் மாற்றங்கள்) இருந்தும், பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போவதால் கெர்னலை 14 முறை தொகுத்தாலே போதுமானதாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் முக்கால் மணி நேரம்; மூன்று இரவுகள். ஒவ்வொரு முறையும் மூடியை மூடி, பத்து எண்ணி, திறந்து பார்ப்பேன். கடைசியில் அகப்பட்டது திரை இயக்கியில் மூன்று வரி மாற்றம். அந்த இரவுகளில் மனத்துக்குள் ஓடிய கேள்வி ஒன்றுதான்: எந்த அடியில் சறுக்கியது?

ஆகவே ‘சறுக்கல்’ என்று முன்மொழிகிறேன். வழுக்குமரம் ஏறுபவர் எட்டிப்பிடித்த உயரத்திலிருந்துதான் சறுக்குகிறார், ஏறாதவர் சறுக்குவதில்லை. முன்பு இயங்கியது என்ற நிபந்தனை இச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. சற்றே கீழிறங்கினாலும் சறுக்கல்தான் என்பதால் வேகக் குறைவும் அடங்கும். வினையாகவும் வளைகிறது: ‘இந்தப் பதிப்பில் ஒலி இயக்கி சறுக்கியிருக்கிறது’, ‘சறுக்கல் சோதனை’, ‘சறுக்கல் அறிக்கை’ எல்லாம் வாய்க்கு இடறாமல் வருகின்றன.

கோப்புகள் அழிந்துபோகும் அளவுக்கான கேட்டைச் சறுக்கல் என்றால் மென்மையாக ஒலிக்காதா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். ஒலிக்கும், ஆனால் மூலச்சொல்லும் கடுமையைக் குறிப்பதில்லை. ‘கடுஞ்சறுக்கல்’ என்று அடைகொடுத்துக்கொள்ளலாம்.

கையேட்டின் மூன்றாம் இயலில் எல்லா இடத்திலும் இச்சொல்லை இட்டு வைத்திருக்கிறேன். பைசெக்ட் இறுதியில் காட்டும் முதல் கெட்ட கமிட்டைச் ‘சறுக்கிய கமிட்’ என்பதா, ‘சறுக்கவைத்த கமிட்’ என்பதா என்பதில் மட்டும் எனக்குத் தெளிவில்லை. இரண்டாவதே பொருளுக்கு நெருக்கம் என்று படுகிறது. உங்கள் கருத்தை எழுதுங்கள்.