கேனரிப் பறவை 22 கிராமிலிருந்து 27 கிராம் ஆகிவிட்டது, எப்படிக் குறைப்பது?

பொட்டுவீடு:

வணக்கம். என்னிடம் மூன்று வயது ஆண் கேனரி ஒன்று இருக்கிறது. உடம்பு முழுக்க மஞ்சள், உச்சந்தலையில் மட்டும் கறுப்பாக ஒரு புள்ளி. அதனால் பொட்டு என்று கூப்பிடுகிறோம். ஐந்து மாதம் முன்பு கூண்டு மாற்றியபோது சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன், 22 கிராம் இருந்தது. நேற்று மறுபடி வைத்தேன், 27 காட்டுகிறது.

எடை மட்டும் ஏறியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். பாட்டும் குறைந்துவிட்டது. முன்பெல்லாம் விடிந்ததும் தொடங்கினால் நிறுத்தவே நிறுத்தாது. இப்போது கொஞ்சம் பாடிவிட்டு உட்கார்ந்துவிடுகிறது. கீழ்க் குச்சியிலிருந்து மேல் குச்சிக்குப் பறந்தாலே வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. நிற்கும்போது கால்களை அகட்டி வைத்துக்கொள்கிறது.

தீனி, கடையில் கிடைக்கும் கலவை விதைதான். கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். முட்டைத் தீனி கொடுத்தால் பாட்டு நன்றாக வரும் என்று ஒருவர் சொன்னதால் அதுவும் தினமும் உண்டு. நான் எங்கே தவறு செய்கிறேன்?

இறகுப்பெட்டி:

தீனியைப் பாதியாக்குங்கள், முட்டைத் தீனியை நிறுத்துங்கள். ஒரு மாதத்தில் சரியாகிவிடும்.

கீச்சொலி:

பொட்டுவீடு, தயவுசெய்து இன்றைக்கே பாதியாக்கிவிட வேண்டாம். நான் பதினைந்து வருடமாகக் கேனரி வளர்க்கிறேன். நீங்கள் எழுதியதில் என்னை உறுத்துவது எடை அல்ல, அந்த வாய் திறந்த மூச்சு.

பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பை ஏற்றி இறக்கித்தான் காற்றை இழுக்கிறது. நுரையீரலோடு சேர்ந்த காற்றுப்பைகள் உடம்புக்குள் வயிறு வரை பரவி இருக்கின்றன. வயிற்றில் கொழுப்பு சேர்ந்தாலும் கல்லீரல் வீங்கினாலும் அந்த இடம்தான் நெருக்கப்படும். ஆனால் கேனரிக்கு மூச்சு வாங்க வேறு காரணமும் உண்டு. காற்றுப்பை உண்ணி என்று மிகச் சிறிய ஒட்டுண்ணி ஒன்று மூச்சுக்குழலிலேயே குடியிருக்கும். அதிலும் பாட்டு குறையும், வாய் திறக்கும். இரவில் விளக்கை அணைத்த பிறகு கூண்டுக்குப் பக்கத்தில் காது வைத்துக் கேளுங்கள். மூச்சோடு டிக் டிக் என்று ஒரு சத்தம் வந்தால் அந்தச் சந்தேகம் வலுக்கும். சத்தம் வராவிட்டாலும் பறவைகளைப் பார்க்கும் மருத்துவர் ஒருவரிடம் இந்த வாரமே காட்டுங்கள். பத்தியமெல்லாம் அதற்குப் பிறகு.

அதற்குள் சில விவரம் சொல்லுங்கள். என்ன ரகம்? தராசு கிராமுக்குக் கீழே தசமத்தில் காட்டுமா? எந்த நேரத்தில் எடை பார்த்தீர்கள்? கையில் பிடித்தால் மார்பெலும்பு எப்படித் தட்டுப்படுகிறது?

விடியல்கூவல்:

ரகத்தைக் கீச்சொலி அக்கா கேட்டது முக்கியமான கேள்வி. கேனரி என்றால் 20 கிராம் என்று மனப்பாடமாகச் சொல்பவர்கள் நிறைய. ஃபைஃப், கிளாஸ்டர் எல்லாம் 11, 12 சென்டிமீட்டர் நீளமுள்ள சின்னப் பறவைகள். யார்க்ஷயர் 17 சென்டிமீட்டர் நிற்கும். 27 கிராம் ஒரு கிளாஸ்டருக்கு ஆபத்து, பெரிய யார்க்ஷயருக்கு அதுவே சாதாரணம். எண்ணை மட்டும் வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது, உடம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

தொடுவது இப்படி. அறையை இருட்டாக்கிவிட்டுப் பிடியுங்கள், பறவை அவ்வளவாகப் பதறாது. மார்பைச் சுற்றி விரல் இறுகவே கூடாது, இறுகினால் மூச்சே நின்றுவிடும். சுட்டுவிரல் நுனியால் மார்பின் நடுவே மேலிருந்து கீழாக வருடுங்கள். இருபுறமும் சதை மெல்ல வளைந்து, நடுவில் எலும்பின் விளிம்பு லேசாகத் தெரிந்தால் நல்ல உடம்பு. கத்தி முனை போல் குத்தினால் மெலிவு. எலும்பே அகப்படாமல் இருபுறமும் பிதுங்கினால் பருமன். அப்புறம் அடிவயிற்று இறகை வாயால் ஊதி விலக்குங்கள். கேனரியின் தோல் கண்ணாடி மாதிரி மெல்லியது, உள்ளே கொழுப்பு இருந்தால் மஞ்சளாக அப்படியே தெரியும். ஆனால் ஒன்று, மூச்சு வாங்குகிற பறவையை நீங்களே பிடிக்க வேண்டாம். பிடிக்கிற பதற்றமே அதற்கு எமனாகலாம். மருத்துவர் பிடிக்கும்போது காட்டச் சொல்லிப் பாருங்கள்.

பொட்டுவீடு:

நேற்று காட்டிவிட்டு வந்தேன். ரகம் கலப்புதான், உருவத்தில் நடுத்தரம் என்றார். சரியாக இருந்தால் 21, 22 கிராமுக்குள் நிற்க வேண்டிய பறவையாம். அவருடைய தராசில் 26.8 இருந்தது. வயிற்று இறகைப் பஞ்சால் நனைத்து விலக்கிக் காட்டினார். மார்பின் பள்ளத்திலும் வயிற்றிலும் வெண்ணெய் அப்பியது போல மஞ்சள். பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அன்பாகக் கொடுக்கிறேன் என்று நினைத்து நான்தான் இதைச் செய்திருக்கிறேன்.

உண்ணி இல்லை, எச்சத்திலும் ஒன்றும் இல்லை. கல்லீரல் விளிம்பு மார்பெலும்புக்குக் கீழே எட்டிப் பார்க்கவில்லை, அதனால் இன்னும் நேரம் இருக்கிறது என்றார். மெதுவாகக் குறைக்கச் சொன்னார். எப்படி என்று விளக்கமாகக் கேட்க மறந்துவிட்டேன்.

கீச்சொலி:

மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள், நேரத்தோடு கண்டுபிடித்திருக்கிறீர்கள். அந்தக் கலவையில் என்னென்ன விதை இருக்கிறது?

பொட்டுவீடு:

கேனரி விதை, தினை, ஆளி விதை, கறுப்பாக நீளமாக ஒன்று (பேயெள்ளு என்று உறையில் போட்டிருக்கிறது), சணல் விதை, கொஞ்சம் உடைத்த சூரியகாந்தி.

கீச்சொலி:

காரணம் அங்கேதான் இருக்கிறது. கேனரி விதையும் தினையும் மாவுச்சத்து. அவற்றில் கொழுப்பு நூற்றுக்குப் பத்துப் பங்கைத் தாண்டாது. பேயெள்ளு, ஆளி, சூரியகாந்தி எல்லாம் எண்ணெய் வித்துகள், நூற்றுக்கு முப்பதிலிருந்து ஐம்பது பங்கு வரை கொழுப்பு. சணல் விதையும் அவற்றோடு சேர்ந்ததுதான். கிண்ணம் நிறைந்தே இருந்தால் பறவை முதலில் எண்ணெய் வித்தைப் பொறுக்கும். மீதியைச் சிதறடிக்கும். நீங்கள் மறுபடி நிரப்புவீர்கள், அது மறுபடி பொறுக்கும்.

ஆகவே முதலில் மாற்ற வேண்டியது அளவை அல்ல, கலவையை. கேனரி விதை பெரும்பங்கு, கூடக் கொஞ்சம் தினை. எண்ணெய் வித்துகளை ஒரேயடியாக எடுக்காமல் இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக எடுங்கள். முட்டைத் தீனி குஞ்சு பொரிக்கும் காலத்துக்கும் இறகு உதிரும் காலத்துக்கும் உரியது, தனியாக இருக்கும் ஆணுக்கு அது தினமும் விருந்து. வாரத்தில் ஒரு நாள் ஒரு சிட்டிகை போதும். பச்சைக் கீரை, புரோக்கோலிப் பூ, துருவிய கேரட் தினமும் கொடுங்கள். விதை மட்டுமே தின்னும் பறவைக்கு ஏ வைட்டமின் குறையும், இவை அதையும் ஈடுகட்டும். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு கூண்டிலேயே தொங்கட்டும்.

அளவு என்று பார்த்தால், ஒரு கேனரிக்கு ஒரு நாளைக்குத் தலை தட்டிய ஒரு தேக்கரண்டி விதை போதும். காலையில் வையுங்கள். 0.1 கிராம் காட்டும் தராசு ஒன்று கட்டாயம் வேண்டும், சமையல் தராசில் ஒரு கிராம் முன்பின்னாவது உங்கள் பறவைக்குப் பெரிய விஷயம். வாரத்துக்கு அரை கிராமுக்கு மேல் இறங்கக் கூடாது.

பொட்டுவீடு (ஐந்து நாள் கழித்து):

அவசரம். இன்று காலை எடை 24.1. நான்கு நாளில் இவ்வளவு இறங்கியிருக்கிறது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு பந்து மாதிரி உட்கார்ந்திருக்கிறது. சொன்னபடி காலையில் ஒரு தேக்கரண்டிதான் வைக்கிறேன். மாலையில் பார்த்தாலும் கிண்ணம் பாதிக்கு மேல் இருக்கிறது. சாப்பிடப் பிடிக்கவில்லையா?

விடியல்கூவல்:

கிண்ணத்தை எடுத்து லேசாக ஊதிப் பாருங்கள். இப்போதே.

பொட்டுவீடு:

எல்லாம் உமி. ஊதியதும் பறந்துவிட்டது, அடியில் நாலைந்து விதைகூட இல்லை.

விடியல்கூவல்:

நினைத்தேன். கேனரி விதையை அலகில் உருட்டி உரித்துவிட்டு உமியை அதே கிண்ணத்தில் போட்டுவிடும். பார்க்கிறவர்களுக்கு விதை மாதிரியே இருக்கும். நிறையப் பறவைகள் நிறைந்த கிண்ணத்துக்கு முன்னால் பட்டினி கிடந்தே செத்திருக்கின்றன. முதலில் தீனி வையுங்கள், கொஞ்சம் முட்டைத் தீனியும் சேர்த்து. கூண்டின் ஒரு பக்கத்தைக் கதகதப்பாக வையுங்கள். பத்தில் ஒரு பங்கு எடை நான்கு நாளில் போவது பறவைக்கு நோய்க்குச் சமம். சில மணி நேரத்தில் தெளியாவிட்டால் மருத்துவரிடம் ஓடுங்கள். கொழுத்த பறவையைப் பட்டினி போட்டால் கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய் அடைந்துகொள்ளும்.

கீச்சொலி:

தவறு என்னுடையது. தலை தட்டிய தேக்கரண்டி என்றேனே தவிர, காலையும் மாலையும் உமியை ஊதிவிட்டுப் பார்க்கச் சொல்லவில்லை. கரண்டிக்குக் கரண்டி அளவும் மாறும். இனி கரண்டியை விடுங்கள். தராசிலேயே 5 கிராம் விதை நிறுத்து, இரண்டு வேளையாகப் பிரித்து வையுங்கள். மாலையில் உமியை ஊதிய பிறகு கொஞ்சம் விதை மிஞ்சியிருக்க வேண்டும். ஒன்றுமே மிஞ்சாவிட்டால் அடுத்த நாள் அரை கிராம் கூட்டுங்கள். இரவு முழுக்க அது தின்னாமல் இருக்கப் போகிறது, வயிறு நிறைந்துதான் தூங்கப் போக வேண்டும்.

பொட்டுவீடு:

விதை வைத்ததும் பாய்ந்து வந்து தின்றது. மதியத்துக்குள் சிலிர்ப்பு அடங்கிவிட்டது, மாலையில் குளித்தது. இப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. நன்றி.

இறகுப்பெட்டி:

முதலில் பாதியாக்கச் சொன்னது நான்தான். மன்னியுங்கள். என் பறவைகள் பெரிய பறப்புக்கூண்டில் இருப்பவை, அதை வைத்துச் சொல்லிவிட்டேன். உங்கள் கூண்டின் நீளம் என்ன?

பொட்டுவீடு:

நீளம் 40 சென்டிமீட்டர், உயரம் 70. உயரமாக இருந்தால் பறக்க வசதி என்று நினைத்துதான் ஐந்து மாதம் முன்பு மாற்றினேன்.

இறகுப்பெட்டி:

எடை ஏறத் தொடங்கியதும் அப்போதுதானே? கேனரி கிளி மாதிரி கம்பியைப் பிடித்து ஏறுவதில்லை, பக்கவாட்டில் பறக்கிற பறவை. உயரக் கூண்டில் குச்சிக்குக் குச்சி தத்திவிட்டு உட்கார்ந்துவிடும். நீளம் 80 சென்டிமீட்டராவது உள்ள கூண்டு பாருங்கள். இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு குச்சி மட்டும் வைத்து நடுவைக் காலியாக விடுங்கள். தீனி ஒரு முனையில், தண்ணீர் மறு முனையில். முதல் வாரம் குச்சிகளைக் கொஞ்சம் நெருக்கி வைத்துவிட்டு மெல்ல மெல்லத் தள்ளுங்கள், இப்போதைய உடம்புக்கு நீளப் பறத்தல் ஒரேயடியாக வேண்டாம்.

பொட்டுவீடு (ஏழு வாரம் கழித்து):

கூண்டு மாற்றியாயிற்று. தீனியைச் சரிசெய்ததும் எடை 24.9 வரை ஏறி, அங்கிருந்து மெதுவாக இறங்கியது. இன்று காலை தீனி வைக்கும் முன் 23.0. குச்சியையே தராசில் வைத்துவிடுகிறேன், தானாக வந்து உட்காருகிறது, பிடிக்கவே தேவையில்லை. முனைக்கு முனை பறந்தாலும் வாய் திறப்பதில்லை. ஒரு சந்தேகம் மட்டும். மூன்று நாளாகக் கூண்டின் அடியில் இறகாகக் கிடக்கிறது, பாட்டு முழுக்க நின்றுவிட்டது.

கீச்சொலி:

ஆண்டுக்கு ஒரு முறை வரும் இறகு உதிர்ப்பு. ஆறிலிருந்து பத்து வாரம் போகும், அந்தக் காலத்தில் பாடாது. எடைக் குறைப்பை இன்றோடு நிறுத்துங்கள். புது இறகு பெரும்பாலும் புரதம்தான், அதனால் முட்டைத் தீனியை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுங்கள். 23-லேயே நிற்கட்டும், கொஞ்சம் ஏறினாலும் பரவாயில்லை. மீதி ஒரு கிராமைப் புது இறகோடு பறக்கத் தொடங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பொட்டுவீடு:

சரி அக்கா. முட்டை வேகவைத்தாயிற்று.