டியூக் யூனிவர்சிட்டியோட ‘புளூ டெவில்’: சாத்தானா, சிப்பாயா? ஆயாவுக்கு பதில் சொல்லணும்

சித்தூர்க்காரன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊரு சித்தூர், வீட்டுக்குள்ள தமிழு, வாசப்படி தாண்டினா தெலுங்கு. பெரியப்பா பையன் அமெரிக்காவுல வட கரோலினா, டர்ஹம்ங்குற ஊர்ல வேலை பாக்குறான், போன மாசம் லீவுக்கு வந்தப்ப எனக்கு பாஸ்கெட்பால் பிடிக்கும்னு டியூக் யூனிவர்சிட்டி டீ-ஷர்ட் ஒண்ணு வாங்கியாந்தான். நல்ல நீல கலரு, நெஞ்சுல கொம்பும் ஆட்டுத்தாடியும் வச்ச ஒரு மூஞ்சி. துவைச்சு கொடியில போட்டிருந்தேன், ஆயா பாத்துட்டு கையால தொடாம ஒரு குச்சியால தூக்கிட்டுப் போயி கரித்துணி மூட்டையில சொருகிடுச்சு. “தெய்யம் மூஞ்சிய நெஞ்சுல மாட்டிக்கினு ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வருவியாடா”ன்னு கேட்டுச்சு. நாங்க சி.எஸ்.ஐ., ஆயா தினமும் காலைல பைபிள் படிக்காம டீ கூட குடிக்காது, அதனால இது அதுக்கு சின்ன விஷயம் இல்ல, எனக்கும் அது மனசு நோகுறது பிடிக்கல.

எனக்கு புரியாதது என்னன்னா, டியூக் காலேஜே மெத்தடிஸ்ட் சபைக்காரங்க வளர்த்த காலேஜு, காம்பஸ் நடுவுல அவ்ளோ பெரிய கோயில் நிக்குது, அவங்க போயி டீமுக்கு ‘நீலப் பிசாசு’ன்னு எப்படி பேரு வச்சாங்க? அண்ணன கேட்டா “ஏதோ பிரான்ஸ் மிலிட்டரி சமாச்சாரம்டா”ன்னு சொல்லிட்டு ஃபிளைட் ஏறிட்டான். ஆயாவோட அப்பா பட்டாளத்துல இருந்தவரு, அவரு மெடல இன்னமும் ஒரு டின்னுக்குள்ள துணி சுத்தி வச்சிருக்கு, அதனால மிலிட்டரின்னா அதுக்கு தனி மரியாதை. முழுக் கதை தெரிஞ்சவங்க சொல்லுங்க, அதுகிட்ட அரைகுறையா சொன்னா ஒரே கேள்வியில மடக்கிடும்.

குடியாத்தம் வாசகர்:

தம்பி, ஆயா கோச்சுக்கிட்டதுல தப்பே இல்ல, படத்த பாத்தா யாருக்கும் அப்படித்தான் தோணும். ஆனா அந்தப் பேரு முதல் உலகப் போர்ல இருந்து வந்தது. பிரான்ஸ் ராணுவத்துல ‘ஷஸ்ஸர் அல்பான்’னு ஒரு படை இருக்கு, மலையில சண்டை போடுறதுக்குன்னே 1888ல தனியா உருவாக்கினது, அப்ப ஆல்ப்ஸ் மலை எல்லைக்கு அந்தப் பக்கம் இத்தாலிக்காரன் மலைப்படை வச்சிருந்தான், அதுக்கு பதிலா இவங்க வச்சாங்க. கருநீல யூனிஃபார்ம், தோள்ல இருந்து தொங்குற கேப், ஒரு பக்கமா சாய்ஞ்ச பெரிய பெரே தொப்பி, சின்னமா வேட்டைக்கொம்பு. அந்தக் கொம்பு வேற, ஊதுற கொம்பு, தலையில முளைக்குறது இல்ல.

1914 கடைசியில சண்டை ஒரே இடத்துல உறைஞ்சு போச்சு, ரெண்டு பக்கமும் பள்ளம் தோண்டி உக்காந்துட்டாங்க. அப்ப வோஸ்ஜ் மலைத்தொடர்ல இந்த மலைப்படைய இறக்கினாங்க, பள்ளத்துல முடியாதத மலைவழியா முடிப்பாங்கன்னு. அங்க ஹார்ட்மான்ஸ்வில்லர்கோஃப்னு ஒரு சிகரம், உயரம் 956 மீட்டர்தான், ஏலகிரி அளவு கூட வராது, ஆனா அந்த உச்சிக்காக 1915 முழுக்க அடிச்சுக்கிட்டாங்க, இன்னிக்கு இவன் கையில, கொஞ்ச நாள்ல அவன் கையில. ராணுவக் கணக்குல பாத்தா பெரிய வெற்றின்னு சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா அந்த ஆளுங்க சண்டை போட்ட விதத்துக்கு பேரு வந்துச்சு, எதிர்ல நின்ன ஜெர்மன் சிப்பாய்ங்களே வச்ச பேருன்னு அந்தப் படையில சொல்றாங்க, பிரெஞ்சுல ‘லே தியாபிள் ப்ளூ’, நீலப் பிசாசுங்க.

1917 ஏப்ரல்ல அமெரிக்கா போர்ல இறங்கிச்சு. அடுத்த வருஷம் இந்தப் படையில கொஞ்சம் பேர அமெரிக்காவுக்கு அனுப்பி ஊர் ஊரா ஊர்வலம் விட்டாங்க, ‘லிபர்ட்டி லோன்’னு போர்க்கடன் பத்திரம் விக்க. நீல கேப்பு, சாய்ஞ்ச தொப்பியோட அவங்க நடந்து போனத ஜனங்க கூட்டங்கூட்டமா பாத்திருக்காங்க. அப்ப அமெரிக்காவுல ‘புளூ டெவில்’னு சொன்னா சாத்தான் ஞாபகம் வராது, இவங்க ஞாபகம்தான் வரும்.

இப்ப காலேஜுக்கு வர்றேன். அன்னிக்கு அது டியூக் இல்ல, டிரினிட்டி காலேஜ். சபைக்காரங்களுக்கு ஃபுட்பால் முரட்டு ஆட்டம்னு பிடிக்காம 1895ல நிறுத்திட்டாங்க, 25 வருஷம் ஆட்டமே இல்ல, 1920லதான் திரும்ப அனுமதி. அதுவரைக்கும் டீமுக்கு ஒழுங்கா பேரு கூட கிடையாது, பேப்பர்ல ‘மெத்தடிஸ்ட்ஸ்’னு போடுவான், இல்லன்னா ‘புளூ அண்ட் ஒயிட்’. 1921ல ஸ்டூடண்ட்ஸ் நடத்துற ‘டிரினிட்டி க்ரானிக்கிள்’ பேப்பர்ல நல்ல பேரு சொல்லுங்கன்னு ஆரம்பிச்சாங்க. கரடி, பேட்ஜர், கழுகுன்னு என்னென்னமோ வந்துச்சு, நீலம் காலேஜ் கலருங்குறதால ‘புளூ டைட்டன்ஸ்’, ‘புளூ ஈகிள்ஸ்’, ‘புளூ வாரியர்ஸ்’, கூடவே ‘புளூ டெவில்ஸ்’. ஓட்டுல எதுவும் தெளிவா ஜெயிக்கல.

உங்க ஆயா கேட்ட கேள்விய அன்னிக்கே கேட்டிருக்காங்க, மெத்தடிஸ்ட் காலேஜுல பிசாசுன்னு பேரான்னு தயக்கம் இருந்திருக்கு. 1922ல அந்த பேப்பரோட ஆசிரியர் வில்லியம் லேண்டர், நிர்வாக ஆசிரியர் மைக் பிராட்ஷா ரெண்டு பேரும் கல்வியாண்டு தொடங்கினதும் யார்கிட்டயும் கேக்காம டீம ‘புளூ டெவில்ஸ்’னு அச்சடிக்க ஆரம்பிச்சாங்க. அந்த வருஷம் காலேஜ் பிரஸ் பிரிவும் அந்தப் பேர போடல, மைதானத்துல கோஷம் போடுற பசங்களும் சொல்லல. இவங்க மட்டும் விடாம போட்டுக்கிட்டே இருந்தாங்க. எதிர்ப்பு வரும்னு பாத்தா நிர்வாகத்துல இருந்து கூட யாரும் வாய தொறக்கல, போட்டுப் போட்டு அதுவே நிலைச்சிடுச்சு. 1924 டிசம்பர்ல ஜேம்ஸ் புக்கானன் டியூக் பெரிய சொத்து எழுதி வச்சதும் காலேஜு டியூக் யூனிவர்சிட்டி ஆச்சு, பேரு மட்டும் அப்படியே தொடர்ந்துச்சு.

கொம்பும் சூலமும் பின்னாடி வந்த வேஷம். சிப்பாய விட்டுட்டு பேர மட்டும் வச்சு படம் வரைஞ்சா பிசாசுதானே வரும். எனக்கு அதுல வருத்தம்தான், அந்த சாய்ஞ்ச தொப்பியையும் கேப்பையும் வச்சிருந்தா உங்க வீட்ல இந்த சண்டையே வந்திருக்காது.

பரதராமி சுபேதார்:

சித்தூர் தம்பிக்கு வணக்கம், நான் உங்களுக்கு பக்கத்துல, பார்டர்க்கு இந்தப் பக்கம். மெட்ராஸ் ரெஜிமென்ட்ல இருந்து ரிட்டயர் ஆனவன். குடியாத்தம் சார் சரித்திரம் சரியா சொல்லிட்டாரு, நான் மலைய பத்தி ரெண்டு வார்த்தை சொல்றேன், ஏன்னா மேப்புல 956 மீட்டர்னு படிச்சா ஒண்ணும் தெரியாது.

கீழ இருந்து மேல ஏறி சண்டை போடுறவன் நிலைமை தனி. மேல இருக்கிறவன் கல்ல உருட்டினா கூட போதும். குளிர்ல துப்பாக்கி இரும்பு மேல கை உறை இல்லாம விரல் வச்சா தோலு ஒட்டிக்கும், பிச்சு எடுக்கணும். நான் இருந்த போஸ்ட்ல ராத்திரி தண்ணி பாட்டில ஸ்லீப்பிங் பேக் உள்ள வச்சுக்கினுதான் படுப்போம், வெளிய வச்சா காலைல கல்லு. ரேஷன், குண்டு, மண்ணெண்ணெய் எல்லாம் கச்சர் மேல வரும், அதான் கோவேறு கழுதை, பனி காலத்துல அது மூக்குல இருந்து வர்ற ஆவிய பாத்துத்தான் வளைவுல ஆளு வர்றது தெரியும். ஒரு கச்சர் வழுக்கி விழுந்தா அந்த வாரம் பருப்பு கிடையாது. இத எல்லாம் தாண்டி ஒருத்தன் மேல ஏறி வந்து நின்னா, எதிரி அவன பிசாசுன்னுதான் சொல்லுவான். எதிரி வாயால வர்ற பேரு மெடல விட பெருசு தம்பி, மெடல நம்மாளு குடுக்குறது, அது எதிரி குடுக்குறது.

எங்க ரெஜிமென்ட் சின்னத்துல யானை இருக்கு, 1803 அசாயே சண்டைக்காக கிடைச்சது. ‘வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு’ன்னு கத்திக்கிட்டு ஓடும்போது அந்த யானை வெறும் படமா தெரியாது, நமக்கு முன்னாடி நின்னவங்க மொத்த பேரும் கூட ஓடி வர்ற மாதிரி இருக்கும். ஷஸ்ஸர் படை இன்னிக்கும் இருக்கு, 7, 13, 27ன்னு பட்டாலியன் நம்பரு, அந்தப் பெரிய தொப்பிய இன்னமும் போடுறாங்க, 1940ல நார்வே பனியில நார்விக் சண்டைக்கும் போயிருக்காங்க.

இன்னொண்ணு ஆயாகிட்ட சொல்லுங்க. அந்த டீம 1980ல இருந்து 2022 வரைக்கும் நடத்தின கோச் மைக் ஷெஷெவ்ஸ்கி, வெஸ்ட் பாயிண்ட் ராணுவ காலேஜுல படிச்சு 1969ல பாஸ் ஆகி, அஞ்சு வருஷம் ஆர்மி ஆபீசரா இருந்து கேப்டனா வெளிய வந்தவரு. அஞ்சு தடவ நேஷனல் சாம்பியன்ஷிப் வாங்கிக் குடுத்தாரு. சிப்பாய் பேரு வச்ச டீமுக்கு ஒரு பட்டாளத்தான் 42 வருஷம் தலைவனா இருந்தது எனக்கு ரொம்ப பொருத்தமா படுது.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:

நான் கேரளா பார்டர்ல இருந்து எழுதறேனுங்க, பாலக்காடு சித்தூர் தாலூக்கா, பாருங்க எங்களுக்கும் ஒரு சித்தூர் இருக்குது. ஆயா ‘தெய்யம்’னு சொன்னத படிச்சதும் எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் புரியலைங்க. தெலுங்குல அது பேய், இங்க கேரளாவுல வடக்க கண்ணூர், காசர்கோடு பக்கம் தெய்யம்னா சாமி. மூஞ்சி பூரா சிவப்பு மஞ்சள் எழுதி, தலைக்கு மேல ஆள் உயர கிரீடம் வச்சு ஆடி வருவாங்க, ஜனங்க அழுதுட்டே கும்பிடுவாங்க. அதுல பல தெய்யம் சண்டையில செத்த வீரனுங்கதானுங்க, செத்தப்புறம் தெய்வமா நிறுத்தி ஆடறாங்க. ஒரே சத்தம், ஒரு பார்டர்ல பேய், இன்னொரு பார்டர்ல கும்புடற வீரன். ஆயாகிட்ட இத சொல்லிப் பாருங்க, அவங்க மொழியிலயே ஏறும்னு நினைக்கறேன்.

ஆனா எனக்கு ஒரு மனத்தாங்கல் இருக்குதுங்க. சாத்தான் விஷயத்த விடுங்க, போருக்கே போகாத காலேஜ் பசங்க அந்த சிப்பாய்ங்க பேர தூக்கி பந்தாட்டத்துக்கு வச்சுட்டது சரியா? அவங்க மலையில செத்தாங்க, இவங்க கோல் போட்டா அந்தப் பேர கத்தறாங்க. சுபேதார் ஐயா என்ன சொல்றீங்க?

குடியாத்தம் வாசகர்:

டீச்சர், அந்த ஆட்சேபணையும் அன்னிக்கே இருந்திருக்கு, சிப்பாய்ங்களுக்கு கிடைச்ச கௌரவப் பேர விளையாட்டா ஆக்கிடக் கூடாதுன்னு. ஆனா 1921ல அந்த ஊர்ல போர்ல இருந்து திரும்பி வந்தவங்க இருந்தாங்க, அந்தப் பேரு எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டவுடனே தெரியும்.

பக்கத்து ஊர்லயும் இதே கதைதான். டர்ஹம்ல இருந்து சேப்பல் ஹில் 16 கிலோமீட்டர் இருக்கும், நம்ம சித்தூர்ல இருந்து காட்பாடி போற தூரத்துல பாதி. அங்க வட கரோலினா யூனிவர்சிட்டி, டியூக்குக்கு ஜென்ம எதிரி டீம். அவங்க பேரு ‘டார் ஹீல்’, தார் ஒட்டின குதிங்கால். அந்தப் பக்கம் பைன் மரத்துல இருந்து தாரும் கீலும் எடுத்து கப்பல் கட்டுறவங்களுக்கு அனுப்புறது பழைய தொழிலு, உள்நாட்டுப் போர்ல அந்த மாகாணத்து சிப்பாய்ங்க தார் ஒட்டின மாதிரி நின்ன இடத்த விட்டு நகராம சண்டை போட்டாங்கன்னு கதை. முன்னாடி அது கேலிப் பேரு, வெறுங்காலோட தார்ல வேலை பாக்குறவன்னு. கேலிய வாங்கி நெத்தியில வச்சுக்கிட்டாங்க. அவங்க கொண்டு வந்து நிறுத்துற செம்மறிக்கடா ‘ராமேசஸ்’ 1924ல வந்தது. ஆக அந்த ரெண்டு டீமும் மோதும்போது ஒரு பக்கம் ஏறி வந்தவன் பேரு, இன்னொரு பக்கம் நகராதவன் பேரு.

பரதராமி சுபேதார்:

டீச்சரம்மா, நல்ல கேள்வி கேட்டீங்க, ராத்திரி பூரா யோசிச்சேன். எனக்கு பேர எடுத்ததுல வருத்தம் இல்ல. எங்க கூட இருந்த பசங்க பேர இன்னிக்கு அவங்க தெருவுலயே பாதி பேருக்கு தெரியாது. ஒரு மைதானத்துல ஆயிரக்கணக்கான பசங்க கத்துறாங்கன்னா கத்தட்டும். வருத்தம் எதுலன்னா, எதுக்காக கத்துறோம்னு தெரியாம கத்துறதுல. இந்தத் தம்பி கேட்டான் பாருங்க, அது போதும் எனக்கு.

சித்தூர்க்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து சாயந்திரம் கரண்ட் போயிருந்த நேரம் ஆயா திண்ணையில உக்காந்திருந்துச்சு, எல்லாத்தையும் மெதுவா சொன்னேன். சுபேதார் சார் சொன்ன தண்ணி பாட்டில் விஷயத்த சொன்னதும் “எங்க அப்பாவும் அப்படித்தான்டா சொல்லுவாரு”ன்னுச்சு. டீச்சர் சொன்ன கண்ணூர் தெய்யத்த நம்பவே இல்ல, போன்ல வீடியோ போட்டுக் காட்டினேன், ரொம்ப நேரம் பாத்துச்சு. கோயில் விஷயத்துல மட்டும் இறங்கி வரல, “சிப்பாய்னா சிப்பாய் மூஞ்சிய போட வேண்டியதுதானே, எதுக்கு கொம்பு”ன்னு கேட்டுச்சு, குடியாத்தம் சார் சொன்ன அதே பேச்சு.

இன்னிக்கு காலைல எழுந்து பாக்குறேன், டீ-ஷர்ட் கொடியில காயுது, உள்பக்கத்த வெளிய திருப்பிப் போட்டு, கிளிப் மாட்டி. ஞாயித்துக்கிழமை தவிர மத்த நாள் போட்டுக்கலாமாம்.