பிரீமியர் பத்மினி: நெடுஞ்சாலையில் பெட்ரோல் போதாமல் நின்றுவிடுகிறது – ஃபில்டர் எங்கே இருக்கிறது, எப்படிச் சுத்தம் செய்வது?

கேள்வி (திருச்சி)

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் வாங்கி ஓட்டிய 1986ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி கார், சில ஆண்டுகள் ஷெட்டிலேயே நின்றபின் இப்போது மறுபடியும் சாலைக்கு வந்திருக்கிறது. ஊருக்குள் ஓட்டும்போது எந்தக் குறையும் இல்லை; ஐட்லிங்கும் சீராக நிற்கிறது. ஆனால் மதுரை நெடுஞ்சாலையில் ஏறி 60 கிலோமீட்டர் வேகத்தில் சிறிது தூரம் போனதும், வண்டி இழுவை குறைந்து, வெட்டி வெட்டி ஓடி, விராலிமலை வருவதற்குள் நின்றுவிடுகிறது. ஓரமாக நிறுத்திச் சற்று நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. பிறகு மறுபடியும் அதே தொல்லை. தீப்பொறி தரும் பாகங்களான பிளக், பாயிண்ட், கண்டென்சர் மூன்றும் புதியவை. பெட்ரோல் ஃபில்டரில் அடைப்பு என்கிறார் மெக்கானிக். பானட்டைத் திறந்து பார்த்தால் தனி ஃபில்டர் என்று எதுவும் கண்ணில் படவில்லை. அது எங்கே இருக்கும்? நானே கழற்றிச் சுத்தம் செய்யலாமா?

பதில் 1 (கோவை)

வணக்கம் ஐயா. நீங்கள் சொல்லும் அறிகுறி பெட்ரோல் வரத்துக் குறைவுக்கு மிகவும் பொருந்துகிறது. ஊருக்குள் இந்த 1089 சி.சி. எஞ்சின் குடிக்கும் பெட்ரோல் கொஞ்சம்தான் என்பதால், பாதி அடைபட்ட வழியில் கசிந்து வருவதே, கார்புரேட்டரில் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் சேம்பருக்குப் போதும். வேகம் ஏறும்போது செலவு வரவை மிஞ்சிவிடுகிறது. சேம்பர் காலியானதும் வண்டி நிற்கிறது. நின்றபின் உறிஞ்சும் விசை தளர்வதால் ஃபில்டர் வலையில் ஒட்டியிருந்த கசடு கீழே உதிர்கிறது. அதனால்தான் சற்று நேரம் கழித்து எதுவும் நடக்காததுபோல் ஓடுகிறது.

ஃபில்டர் உங்கள் கண்ணில் படாததற்குக் காரணம், அது தனியாக ஓரிடத்தில் இல்லை என்பதே. எஞ்சினின் பக்கவாட்டில், கேம்ஷாஃப்டால் (எஞ்சின் வால்வுகளைத் திறக்கும் சுழல் தண்டு) இயங்கும் பெட்ரோல் பம்ப் இருக்கிறது. நம் மெக்கானிக்குகள் ஏசி பம்ப் (ஏசி என்பது கம்பெனிப் பெயர், குளிரூட்டி அல்ல) என்பார்களே, அதுதான். அதன் மேல் மூடியைக் கழற்றினால் உள்ளே நுண்ணிய சல்லடை வலை தெரியும். அடுத்து, சோலெக்ஸ் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நுழையும் இணைப்பைப் பாருங்கள். பல சோலெக்ஸ் மாடல்களில் அங்கேயும் விரல் நுனி அளவில் ஒரு சிறிய வலை இருக்கும். டேங்குக்குள் உறிஞ்சு குழாயின் நுனியையும் கணக்கில் கொள்ளுங்கள். இவை தவிர, முன்பு எவரேனும் பிளாஸ்டிக் ஃபில்டர் ஒன்றை வண்டிக்கு அடியில், குழாயின் நடுவில் பொருத்தியிருக்கவும் வாய்ப்புண்டு.

எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு, திறந்த வெளியில், பேட்டரியின் நெகடிவ் கேபிளைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவி நிற்கும். ஆகவே சர்வீஸ் பள்ளத்தின் மேல் வண்டியை நிறுத்தி இதைச் செய்யக் கூடாது. பம்ப் மூடியை எடுத்ததும் வலையை உடனே கழுவிவிடாதீர்கள். முதலில் அதை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் கவிழ்த்து, விழுவது என்னவென்று பாருங்கள். செம்பழுப்புத் துகள்களாக விழுந்து, கிண்ணத்தின் அடியில் காந்தத்தை நகர்த்தும்போது கூடவே நகர்ந்தால், அவை டேங்கின் துருச் செதில்கள். கறுப்பாக மெத்தென்று இருந்தால் உட்புறம் கரைந்துகொண்டிருக்கும் ரப்பர் ஹோஸ். விரலில் பிசுக்கென்று ஒட்டினால் பழைய பெட்ரோல் வற்றி உறைந்த படிவு. அதன்பிறகு வலையைச் சுத்தமான பெட்ரோலில் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் துடைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, வலையின் கண்கள் எல்லாம் திறந்திருக்கின்றனவா என்று சரிபார்க்கலாம்.

மூடியைத் திரும்ப மாட்டும்போது கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் அடைப்பு) சரியாக உட்கார வேண்டும். இல்லாவிட்டால் பம்ப் பெட்ரோலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும். வலை பளிச்சென்று இருந்தும் தொல்லை தொடரும்.

பதில் 2 (சென்னை)

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆயினும் எதையும் கழற்றுவதற்கு முன் டேங்க் மூடியைச் சோதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மூடியின் காற்றுத் துளை அடைத்துக்கொண்டால், பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, இதே அறிகுறிதான் தோன்றும். அடுத்த முறை வண்டி நிற்கும்போது உடனே மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டு, அப்போதே வண்டி ஓடத் தொடங்கினால் கோளாறு மூடியில்தான்.

நீண்ட நாள் நின்ற வண்டிக்கு இன்றைய பெட்ரோலால் இன்னொரு சிக்கலும் உண்டு. 2023 முதல் படிப்படியாக வந்த 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், டேங்கில் பல ஆண்டுகளாகப் படிந்திருந்த பிசுக்கைக் கரைத்து இழுத்து வந்து வலையில் சேர்க்கிறது, ஈரத்தையும் ஈர்த்துக்கொள்கிறது. பழைய ரப்பர் ஹோஸ்களும் பம்ப் டயாபிரமும் (பெட்ரோலை உறிஞ்ச அசையும் சவ்வு) அதைத் தாங்கும் வகையில் செய்யப்பட்டவை அல்ல. ஹோஸ் மாற்றும்போது ஜே30 ஆர்9 (SAE J30R9) என்ற தரக் குறியீடு அச்சிடப்பட்டதை வாங்குங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. மூடியில் குறை இல்லை. பம்ப் வலையில் பாதிக்கு மேல் செம்பழுப்புத் துகள்கள் அடைத்திருந்தன, காந்தத்தோடு நகரவும் செய்தன. வண்டிக்கு அடியில் பிளாஸ்டிக் ஃபில்டர் ஒன்றும் இருக்கிறது. உள்ளே மடிப்புக் காகிதம் காபி நிறத்துக்கு மாறியிருக்கிறது. அதைப் பின்பக்கமாகக் காற்றடித்துச் சுத்தம் செய்யலாமா?

பதில் 3 (மதுரை)

காகித ஃபில்டரைச் சுத்தம் செய்ய வேண்டாம், மாற்றிவிடுங்கள். காற்றழுத்தத்தில் காகிதம் எங்கேனும் கிழிந்தால் வெளியிலிருந்து தெரியாது; கசடு தடையின்றி, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் நுண்துளையான மெயின் ஜெட் வரை போய்விடும். உலோக வலையை மட்டும்தான் கழுவி மறுபடி பயன்படுத்தலாம். புதிய ஃபில்டரை அதன் அம்புக்குறி பம்ப்பை நோக்கி இருக்குமாறு, எக்ஸாஸ்ட் குழாயின் சூட்டிலிருந்து தள்ளிப் பொருத்துங்கள். ஒளி ஊடுருவும் வகையாக இருந்தால் நல்லது. எஞ்சின் ஓடும்போது அதில் குமிழிகள் தொடர்ந்து தெரிந்தால், டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவே ஏதோ ஓர் இணைப்பு காற்று வாங்குகிறது என்று அறியலாம்.

ஆனால் துருச் செதில் வந்துவிட்டது என்றால் உங்கள் வேலை ஃபில்டரோடு முடியாது. டேங்கை இறக்கியே ஆக வேண்டும். சிலர் பம்ப் பக்கக் குழாயைக் கழற்றி டேங்கை நோக்கிக் காற்றடித்துவிட்டு, கொடகொடவென்று சத்தம் கேட்டதும் அடைப்பு நீங்கியதாக நினைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கசடு டேங்குக்குள்தான் போய் விழுந்திருக்கிறது. அடுத்த நெடும்பயணத்தில் அதே உறிஞ்சு குழாய்க்குத் திரும்பி வரும். டேங்கை இறக்கி, பெட்ரோலை முழுவதும் வடித்து, தண்ணீரால் பலமுறை அலசியபின், கைப்பிடிச் சரளைக்கல்லையும் சோப்புத் தண்ணீரையும் உள்ளே போட்டு நன்றாகக் குலுக்குங்கள். எஞ்சும் துருவுக்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி பயன்படும். கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொண்டு செய்யுங்கள். பிறகு அலசி, ஒரு சொட்டு ஈரமும் இல்லாமல் உலர்த்தி, அன்றைக்கே பெட்ரோல் நிரப்புங்கள். வெறுமனே வைத்தால் புதுத் துரு படரும். டேங்கில் ஓட்டை தெரிந்தால் தெருமுனைப் பட்டறையில் வெல்டிங் வைக்கச் சம்மதிக்காதீர்கள். காலி டேங்கில் தங்கிய ஆவிதான் வெடிக்கும்.

எல்லாம் பூட்டியபின் பம்ப்பையும் சோதித்துவிடலாம். எஞ்சின் ஸ்டார்ட் ஆகாதிருக்க, பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் காயிலின் மின்கம்பியைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸை ஒரு பாட்டிலுக்குள் விட்டு, உதவிக்கு ஒருவரை வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். ஒவ்வொரு துடிப்பிலும் பெட்ரோல் வலுவாகப் பீய்ச்ச வேண்டும். வலை சுத்தமாக இருந்தும் சொட்டு சொட்டாக வந்தால், டயாபிரம், வால்வு அடங்கிய ரிப்பேர் கிட் ஒன்றை வாங்கிப் போடுங்கள். இதற்குப் பதிலாக இன்ஜெக்‌ஷன் வண்டியின் எலெக்ட்ரிக் பம்ப்பைப் பொருத்தலாம் என்று யாரேனும் யோசனை சொன்னால் ஏற்க வேண்டாம். அந்த அழுத்தத்தை, பெட்ரோல் வரத்தை அடைக்கும் சோலெக்ஸின் நீடில் வால்வு தாங்காது, பெட்ரோல் பொங்கி எஞ்சின் மேல் வழியும்.