ஆம்பிதியேட்டருக்கு தமிழ்ல என்ன எழுத? போர்டு எழுதணும்
மார்த்தாண்டம் பக்கம் எங்க ஊரு நூலகத்துக்கு பின்னாடி சரிவுல கருங்கல்லுல அரைவட்டமா 6 படி கட்டியாச்சு, கீழ சின்ன மேடை, பிளான்ல ஆம்பிதியேட்டர்னு போட்டிருக்கு, வெள்ளிக்கிழமை போர்டு எழுத ஆள் வருது, பத்து நாளா சொல்லு கிடைக்காம நிக்கேன்.

வட்டரங்குன்னு யோசிச்சேன், அது ரோம் கொலோசியத்துக்கு சரி, கி.பி. 80ல திறந்தது, நீள்வட்டம், சுத்தி எல்லா பக்கமும் ஆளு இருப்பாங்க, ஆம்பின்னா கிரேக்கத்துல ரெண்டு பக்கமும்னு அர்த்தமே இருக்கு. நம்மளது பாதிதான, கிரீஸ்ல உள்ள பழைய எபிடாரஸ் அரங்கு மாதிரி, அதுக்கு தியேட்டர்னுதான் பேரு, அப்படி எழுதுனா சினிமா கொட்டகைன்னு நினைப்பாங்க. பிரான்சுல காலேஜ் லெக்சர் ஹாலுக்கும் ஆம்பிதியேட்டர்தானாம். திறந்தவெளி அரங்கம்னு போட்டா படியே வரல, அந்த படிதான் இதுக்கு அழகு.

வில்லுப்பாட்டு கேக்க வர்ற பாட்டிமாருக்கும் வாசிச்ச உடனே புரியுற மாதிரி என்ன சொல்லு போடலாம்?