எட்டுப் பேச்சாளர்கள், எட்டும் ஆண்கள். இனி என்ன செய்யலாம்?

பாதிவாதி:

அடுத்த ஆண்டு எங்கள் தத்துவத் துறையில் இரண்டு நாள் கருத்தரங்கு நடத்துகிறோம். பொருள்: சாத்தியமும் அவசியமும். அதாவது மோடல் லாஜிக்கும் (எது சாத்தியம், எது அவசியம் என்பதற்கான தர்க்கம்) அதை ஒட்டிய மெட்டாஃபிசிக்ஸும் (எது எப்படி இருக்கிறது என்று அடிப்படையில் ஆராயும் தத்துவப் பிரிவு). ஏற்பாட்டாளர்கள் நானும் பக்கத்து அறை நண்பரும், இரண்டு பேரும் ஆண்கள். அழைப்புரைகள் எட்டு. ஒரு மாலை உட்கார்ந்து அரை மணி நேரத்தில் எட்டுப் பெயரையும் எழுதி முடித்துவிட்டோம். அவ்வளவு வேகத்தில் முடிந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

போஸ்டர் மாதிரியைத் தயாரித்த ஆய்வு மாணவி எட்டு முகங்களை வரிசையாக அடுக்கி அனுப்பினார். கூடவே ஒரு வரி: "படம் ஏதாவது விடுபட்டிருக்கிறதா சார்?" குத்தலாகக் கேட்கவில்லை. பெண்களின் படங்கள் இருந்த கோப்பு வந்து சேரவில்லையோ என்று நிஜமாகவே நினைத்திருக்கிறார்.

வெட்கக்கேடு இன்னொன்றும் உண்டு. அந்த எட்டு பேரில் பார்க்கன் ஃபார்முலாவைத் தொடாமல் பேசப்போகிறவர் அநேகமாக யாரும் இல்லை. ஒவ்வொரு பொருளும் அவசியமாக இன்னபடி இருக்கிறது என்றால், எல்லாம் இன்னபடி இருப்பதே அவசியம் என்ற அந்தச் சூத்திரம் ரூத் பார்க்கன் என்ற பெண் தர்க்கவியலாளர் 1946ல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வருவது. அவர் பெயரை இரண்டு நாளும் சொல்லிக்கொண்டிருப்போம், மேடையில் ஒரு பெண்கூட இருக்க மாட்டார்.

ஐந்து பேர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். மீதி மூன்று பேருக்கு நல்லவேளையாக இன்னும் கடிதம் போகவில்லை. பதறிப்போய் இத்துறையில் பெயர் பெற்ற இரண்டு பெண் பேராசிரியர்களுக்கு எழுதினேன். ஒருவருக்குத் தேதி ஒத்துவரவில்லை. இன்னொருவர் அடுத்த ஆண்டு எங்கும் பயணம் செய்வதாக இல்லை என்று எழுதினார். நண்பர் சொல்கிறார்: "கேட்டாச்சு, வரலை. இனிமேல் யாரையாவது தேடிப்பிடித்து நுழைத்தால் அது அவருக்குத்தான் அவமானம்." அவர் சொல்வதில் நியாயம் இருப்பதுபோலவும் இருக்கிறது, சௌகரியமாக இருப்பதால் நியாயமாகப் படுகிறதோ என்றும் இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கணக்குவாத்தி:

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பிரிட்டனில் தத்துவத் துறைகளின் நிரந்தர ஆசிரியர்களில் பெண்கள் 24% என்று 2011ல் வந்த அறிக்கை சொன்னது. பத்து ஆண்டு கழித்து வந்த அடுத்த அறிக்கையில் அது 30%. அந்த 30%ஐ எடுத்துக்கொள்வோம். ஆண், பெண் பார்க்காமல் குருட்டாம்போக்கில் எட்டுப் பெயரை எடுத்தால் ஒரு பெண்கூட வராமல் போகும் வாய்ப்பு கிட்டத்தட்ட 5.8%. நடக்கக்கூடியதுதான்.

ஆனால் அதே குலுக்கலில் எட்டில் ஐந்து அல்லது அதற்கு மேல் பெண்களாக வரும் வாய்ப்பு எவ்வளவு தெரியுமா? அதுவும் ஏறக்குறைய 5.8%. எட்டும் ஆண்களாக அமைந்த கருத்தரங்குகள் எத்தனை பார்த்திருக்கிறீர்கள்? பெண்கள் பெரும்பான்மையாக இருந்தவை எத்தனை? (பெண்ணியத் தத்துவக் கருத்தரங்கைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.) "தற்செயலாக அமைந்துவிட்டது" என்றால் தற்செயல் இரண்டு பக்கமும் சாய வேண்டும்.

சும்மா_சந்தேகம்:

30% என்பது ஒட்டுமொத்தத் துறைக்கு. தர்க்கம், மெட்டாஃபிசிக்ஸ் பக்கம் அவ்வளவு இருக்காது. பாதியாக, 15% என்று வையுங்கள், எட்டும் ஆண்களாக வரும் வாய்ப்பு 27% ஆகிவிடுகிறது. நாலு கருத்தரங்குக்கு ஒன்று. இதில் குற்றவுணர்ச்சி எதற்கு? நல்ல ஆய்வாளர்களைக் கூப்பிடுங்கள், அவ்வளவுதான்.

கணக்குவாத்தி:

15%க்குக் கணக்கு சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் குலுக்கிப் போடவில்லையே, நினைவிலிருந்து எழுதினார். நினைவில் யார் நிற்பார்கள்? கீரன் ஹீலி என்ற சமூகவியலாளர் நான்கு முன்னணித் தத்துவ இதழ்களில் இருபது ஆண்டு மேற்கோள்களைத் திரட்டி 2013ல் வெளியிட்டார். மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்ட ஐந்நூற்றுச் சொச்சம் படைப்புகளில் பெண்கள் எழுதியவை 3.6%. டேவிட் லூயிஸ் என்ற ஒரே மனிதர் எழுதியவை 6.3%. சாத்திய உலகங்களைப் பற்றி, அதாவது உலகம் வேறு எப்படியெல்லாம் இருந்திருக்கலாம் என்பதைப் பற்றி எழுதிய அதே லூயிஸ்தான், உங்கள் கருத்தரங்கிலும் வரிக்கு வரி வருவார். அரை மணி நேரத்தில் மனதில் தோன்றும் பட்டியல் இந்த 3.6%இலிருந்து வருகிறது, 15%இலிருந்துகூட அல்ல.

நடுப்பக்கம்:

பாதிவாதி, உங்கள் நண்பரின் "அவருக்குத்தான் அவமானம்" என்ற வாதத்துக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அந்த "அவர்" நானாக மூன்று முறை இருந்திருக்கிறேன்.

என் ஆய்வு சாராம்சம் பற்றியது. ஒரு பொருள் எது இல்லாமல் அந்தப் பொருளாக இருக்காது என்கிற விவகாரம். ஒரு தடவை கருத்தரங்குக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது அழைப்பு வந்தது. போஸ்டர் ஏற்கெனவே இணையத்தில் இருந்தது, என் பெயர் இல்லாமல். அங்கே போனபோது என் பேச்சு இரண்டாம் நாளின் கடைசி அமர்வு. பாதிப் பேர் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். இன்னொரு இடத்தில் "தத்துவத்தில் பெண்கள்" என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். அதைப் பற்றி நான் ஒரு வரிகூட ஆராய்ந்ததில்லை, பெண்ணாக இருப்பதைத் தவிர. மூன்றாவது இடத்தில் பேசவே கூப்பிடவில்லை, மூன்று அமர்வுகளுக்குத் தலைமை மட்டும். நேரம் முடிந்தது என்று துண்டுச்சீட்டு நீட்டுவதுதான் என் தத்துவப் பங்களிப்பு.

ஒப்புக்குக் கூப்பிடுகிறார்கள் என்பது இப்படித்தான் தெரியவரும். நான் பெண் என்பதால் என் பெயர் உங்கள் நினைவுக்கு வந்தது என்றால் எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. மற்ற ஏழு பேர் உங்கள் நினைவுக்கு வந்த காரணங்களும் அப்படி ஒன்றும் புனிதமானவை அல்ல. ஒருவர் உங்களோடு படித்திருப்பார், ஒருவர் போன தடவை உங்களைக் கூப்பிட்டிருப்பார். நான்கு மாதம் முன்பே, என் கட்டுரையைப் படித்துவிட்டு, "இந்த வாதத்தைப் பற்றிப் பேசுங்கள்" என்று எழுதியிருந்தால் எனக்குச் சந்தேகமே வந்திருக்காது.

அந்த இரண்டு பேர் மறுத்ததைப் பெரிதாக எடுக்காதீர்கள். மூத்த பெண்கள் குறைவு, எல்லாரும் அந்தச் சிலரையே கேட்கிறார்கள். கருத்தரங்கு, நியமனக் குழு, ஆய்வேட்டு மதிப்பீடு என்று எல்லாவற்றுக்கும் அவர்கள்தான். அதோடு நீங்கள் தேதியை முடிவு செய்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள். முதல் பெரிய பெயரிடம் தேதியைக் கேட்டுத்தானே முடிவு செய்தீர்கள்? அந்த மரியாதை ஒருவருக்குத்தான் கிடைக்கும், அது யார் என்று நீங்கள்தான் தேர்ந்தெடுத்தீர்கள். மறுத்த இரண்டு பேரிடமும் மறுபடி எழுதி, வேறு யாரைக் கேட்கலாம் என்று பெயர் கேளுங்கள்.

இன்னொன்று. ஏற்பாட்டாளராக ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்க நுண்ணுயிரியல் சங்கத்தின் கூட்டங்களை ஆராய்ந்து 2014ல் வந்த கட்டுரை, அமைப்பாளர்களில் ஒரு பெண் இருந்த அமர்வுகளில் பெண் பேச்சாளர்கள் கணிசமாக அதிகம் என்று காட்டியது. நம் துறை இல்லைதான், ஆனால் பட்டியல் போடும் விதம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். அந்த மாணவியை இதற்குப் பிடித்துப் போடாதீர்கள், அவர் ஆய்வேட்டை எழுதட்டும்.

இதையெல்லாம் குற்றப்பத்திரிகையாக எடுக்க வேண்டாம். ஆண்கள் மட்டுமே பேசும் தத்துவக் கருத்தரங்குகளைச் சுட்டிக்காட்ட 'ஃபெமினிஸ்ட் ஃபிலாசஃபர்ஸ்' வலைப்பதிவு ஓர் இயக்கமே நடத்தியது. ஏற்பாட்டாளர்களைப் பழிப்பது நோக்கமல்ல என்று அவர்களும் சொல்லித்தான் செய்தார்கள். அப்படியும் சிலருக்குக் கோபம் வந்தது, அது வேறு கதை.

பாதிவாதி:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். பயணம் இல்லை என்றவர் ஒரே நாளில் மூன்று பெயர் அனுப்பினார். இரண்டு பேரை நான் கேள்விப்பட்டதே இல்லை. ஒருவரின் கட்டுரையை அன்றிரவே படித்தேன், எங்கள் முதல் நாள் பேச்சாளரின் முக்கிய வாதத்தில் ஓட்டை இருக்கிறது என்று காட்டுகிறது. எனக்குப் பதில் தெரியவில்லை, அவருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். இரண்டு பேர் ஒப்புக்கொண்டுவிட்டார்கள், இருவரும் முதல் நாள் காலையில். மூன்றாமவருக்குக் கைக்குழந்தை. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செலவுக்குப் பயணத் தலைப்பிலிருந்து கொடுக்கலாமா என்று கணக்குப் பிரிவில் கேட்டிருக்கிறேன், அப்படி ஒரு தலைப்பு படிவத்தில் இல்லையாம். நண்பர் இன்னும் முணுமுணுக்கிறார். ஆனால் அந்தக் கட்டுரையை என்னிடம் வாங்கிப் போனவரும் அவர்தான்.

நடுப்பக்கம்:

படிவத்தில் 'இதர செலவுகள்' இருக்கும், பாருங்கள். அப்புறம் கேள்வி நேரத்தை யார் நடத்துகிறார்கள்? 10 நாடுகளில் சுமார் 250 துறைக் கருத்தரங்குகளைக் கவனித்து 2018ல் ஓர் ஆய்வு வந்தது. கேட்க வந்தவர்களில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சரிபாதி ஆனாலும், ஒரு கேள்வி ஆணிடமிருந்து வரும் வாய்ப்பு பெண்ணிடமிருந்து வருவதைப்போல் இரண்டரை மடங்கு. முதல் கேள்வி ஆணுடையதாக இருந்தால் அதன்பின் பெண்கள் கேட்பது இன்னும் குறைந்தது. அதனால் முதல் கேள்வியை உங்கள் நண்பருக்குக் கொடுக்காதீர்கள்.

பாதிவாதி:

நடத்துவது நான்தான். ஆனால் அவர் இப்போதே மூன்று கேள்வி எழுதி வைத்திருக்கிறார்.