புதுப்பிப்பு: சகியாத்திரி நடையின் ஓய்வு நாள்

மகாராஷ்டிரத்தின் சகியாத்திரி மலைத்தொடரில் மேற்கொண்டுள்ள நெடுநடையின் நடுவே, மலையூரான இகத்புரியிலேயே ஓய்வெடுப்பதா, மும்பைக்கு வந்து போவதா என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் இகத்புரி என்றீர்கள். ஆயினும் 1,646 மீட்டர் உயரமுள்ள கல்சுபாய் சிகரத்திலிருந்து இறங்கிய கையோடு ஜீப்பில் கசாராவுக்கு வந்து, புறநகர் ரயிலேறி மாட்டுங்காவில் உள்ள சித்தி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வந்ததும் சித்தி என் ஷூக்களின் உள்ளட்டையை உருவி, உள்ளே பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, மின்விசிறிக்கு அடியில் வைத்துவிட்டார். கடும் வெயிலில் காயவைத்தால் அடிப்பாகத்துப் பசை விட்டுப்போகும் என்று அவர் சொன்னது சரிதான். குதிகால் கொப்புளத்தை உடைக்காமல் கழுவித் துடைத்து, மேலே பஞ்சு வைத்து ஒட்டியிருக்கிறேன். மாலையில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் இட்லி சாப்பிடப் போனதைத் தவிர (அதுவும் டாக்சியில்தான்) வெளியே கால் வைக்கவில்லை. வலி குறைந்திருப்பதால் நாளை மீண்டும் கசாராவுக்குச் சென்று, ரத்தன்கட் மலைக்கோட்டை வழியாக ஹரிச்சந்திரகட் மலைக்கோட்டை நோக்கி நடக்க எண்ணியுள்ளேன்.