சிவப்பு மேப்பிளா, வெள்ளி மேப்பிளா, இரண்டும் கலந்ததா?

செந்தளிர்:

வணக்கம். வாசலில் நிற்கும் மேப்பிளைப் பற்றி ஒரு சந்தேகம். ஒன்பது வருடம் முன்பு நர்சரியில் வாங்கி நட்டது. சீட்டில் ‘சிவப்பு மேப்பிள்’ என்று மட்டும் இருந்தது. காம்பு சிவப்பு, இலையுதிர்காலத்தில் இலையும் ஆரஞ்சு கலந்த நல்ல சிவப்பு. அதுவரை சரி. ஆனால் இலையின் வெட்டுகள் நான் படங்களில் பார்த்த சிவப்பு மேப்பிளைவிட ஆழமாக இருக்கின்றன. அடிப்பக்கம் நன்றாக வெளுத்திருக்கிறது. வெள்ளி மேப்பிளோ என்று பார்த்தால் அந்த அளவுக்குக் கிழிந்த இலையும் இல்லை.

கைபேசிச் செயலியிடம் கேட்டேன். ஒரு இலைக்குச் சிவப்பு என்றது, அதே மரத்தின் இன்னொரு இலைக்கு வெள்ளி என்றது. மகள் பள்ளிக்கூடத்துக்காக இலைகளை அழுத்திக் காயவைத்து ஒட்டிக்கொண்டிருக்கிறாள். இந்த ஒரு இலைக்குக் கீழே மட்டும் பெயர் எழுதாமல் இடம் விட்டிருக்கிறாள். தெரியாமல் எதையாவது எழுதச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நீர்க்கரை:

காம்பை ஒடித்துப் பாருங்கள். பால் வந்தால் நார்வே மேப்பிள். தெளிந்த நீர் மாதிரி வந்தால் வேறு ஏதோ ஒன்று. எனக்குத் தெரிந்த சுலபமான சோதனை இதுதான்.

கிளைநுனி:

நீர்க்கரை சொன்ன சோதனை நல்லதுதான், ஆனால் அது நார்வே மேப்பிளையும் சர்க்கரை மேப்பிளையும் பிரிக்க உதவுவது. செந்தளிரின் மரம் அந்த இரண்டுமே இல்லை. அவற்றின் இலை விளிம்பு வழவழப்பாக ஓடும், அங்கங்கே சில கூர்முனைகள் இருக்கும், அவ்வளவுதான். சிவப்பு, வெள்ளி இரண்டிலும் விளிம்பு முழுக்க ரம்பப்பல். உங்கள் இலையில் பல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் மேலே படியுங்கள்.

பல வருடமாக ஒரே ஆற்றங்கரையில் நடக்கிறேன். அங்கே இரண்டு இனமும் கலந்து நிற்கின்றன. ஒரு மரத்தை மூன்று வருடம் வெள்ளி மேப்பிள் என்றே குறிப்பேட்டில் எழுதி வந்தேன். நான்காம் வருடம் அதன் பூவை லென்ஸில் பார்த்த பிறகுதான் தவறு தெரிந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: இந்த இரண்டு இனத்தில் இலையை மட்டும் வைத்துப் பெயர் சொல்லக் கூடாது. வெயிலில் நிற்கும் உச்சிக் கிளை இலையும் நிழலில் கிடக்கும் கீழ்க்கிளை இலையும் ஒரே மரத்தில் இரண்டு மாதிரி இருக்கும். அடிமரத்திலிருந்து புதிதாக வெடித்த தளிரின் இலையோ இரண்டிலும் சேராது. செயலி குழம்பியது அதனால்தான், அது பார்த்தது ஒவ்வொரு இலையைத்தானே.

இருந்தாலும் இலையில் ஒரு இடம் பார்க்கத் தகுந்தது. இரண்டு வெட்டுகளுக்கு நடுவே நீளும் பகுதிதான் மடல்; நடு மடலின் அடியைப் பாருங்கள். வெள்ளி மேப்பிளில் அந்த மடல் அடியில் இடுப்பு மாதிரி ஒடுங்கி, மேலே போகப்போக விரிந்து, பிறகு கூராகும். வெட்டும் இலையின் பாதியைத் தாண்டி உள்ளே போகும். சிவப்பில் நடு மடலின் ஓரங்கள் நேராகவோ நுனியை நோக்கிக் குறுகியோ போகும், வெட்டு ஆழமற்ற ஆப்பு வடிவம். உங்களுடையது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் என்று நினைக்கிறேன். பத்து இலையாவது, வெவ்வேறு உயரத்திலிருந்து, எடுத்துப் பாருங்கள்.

அப்புறம், இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று. பென்சில் கனம்கூட இல்லாத ஒரு பச்சைக் குச்சியை ஒடித்து, பட்டையை நகத்தால் கீறி முகர்ந்து பாருங்கள். வெள்ளி மேப்பிளில் முகம் சுளிக்க வைக்கும் ஒரு நாற்றம் உண்டு. சிவப்பில் அது கிடையாது.

பெரிய மரமாக இருந்தால் பட்டையைப் பார்க்கச் சொல்லியிருப்பேன். வயதான வெள்ளி மேப்பிளில் பட்டை நீள நீளப் பட்டையாக உரிந்து நுனி சுருண்டு நிற்கும். ஒன்பது வயதில் இரண்டுக்கும் ஒரே சாம்பல் வழவழப்புதான். குளிர்கால மொட்டும் கைகொடுக்காது, இரண்டிலும் உருண்டையாகச் சிவந்த மொட்டுக் கொத்துகள்.

உண்மையான சாட்சி பூ. இலை வருவதற்கு முன்பே, வசந்தத்தின் தொடக்கத்திலேயே பூத்துவிடும், கொஞ்சம் அசந்தால் தவறிவிடும். சிவப்பு மேப்பிள் பூவில் சின்னச் சின்ன இதழ்கள் உண்டு, வெள்ளியில் இதழே கிடையாது. பெண்பூவாக இருந்தால் சூலகத்தைப் பாருங்கள்: வெள்ளியில் அடர்ந்த ரோமம், சிவப்பில் வழவழப்பு. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். பிறகு இறக்கை விதை. இரண்டும் வசந்தக் கடைசியிலேயே முற்றி விழும், சர்க்கரையும் நார்வேயும் போல இலையுதிர்காலம் வரை காத்திருக்காது. சிவப்பின் விதை இறக்கையோடு 2 செ.மீ. சுற்றி. வெள்ளியினுடையது அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல், அதுவும் ஜோடியில் ஒன்று பல நேரம் வளராமல் சூம்பிப் போயிருக்கும்.

செந்தளிர்:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி ஐயா. இப்போதே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். விளிம்பில் பல் இருக்கிறது. காம்பில் பால் வரவில்லை. குச்சியில் மெல்லிய வாடை, ஆனால் நாற்றம் என்று சொல்ல முடியவில்லை. மகள் முகர்ந்துவிட்டு, பச்சைப் பயறு ஊறிய தண்ணீர் மாதிரி என்கிறாள். பதினான்கு இலை பறித்தோம். ஐந்தில் இடுப்பு ஒடுங்கியிருக்கிறது, மற்றவற்றில் இல்லை.

கிளைநுனி:

அப்படியானால் கலப்பு என்பதே என் ஊகம். பூவைப் பார்க்காமல் உறுதி சொல்ல மாட்டேன்.

இந்த இரண்டு இனமும் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் தாமாகவே கலக்கின்றன. குரோமோசோம் எண்ணிக்கை வெள்ளியில் 52, சிவப்பில் 78 அல்லது 104. இவ்வளவு வித்தியாசம் இருந்தும் கலப்பு நடக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். வாஷிங்டனில் உள்ள அமெரிக்க தேசிய மரப்பூங்காவில் ஆலிவர் ஃப்ரீமன் 1933-இல் இந்த இரண்டையும் வேண்டுமென்றே கலந்து வளர்த்தார். அதனால்தான் இந்தக் கலப்புக்கு ஃப்ரீமன் மேப்பிள் என்று பெயர். நர்சரிகளில் அதிகம் விற்கும் ‘ஆட்டம் பிளேஸ்’ இந்த வகைதான். ‘ஆர்ம்ஸ்ட்ராங்’ என்ற ஒடுங்கி உயரும் ரகத்தை முதலில் சிவப்பு மேப்பிள் என்றே விற்றார்கள், பிறகுதான் கலப்பு என்று தெரிந்தது. ஆகவே உங்கள் சீட்டை எழுதியவரைக் குறை சொல்லவும் தோன்றவில்லை.

கலப்பு மரம் மறுபடியும் தாய்தந்தை இனங்களோடு கலக்கக்கூடும். அதனால் காட்டில் சில மரங்களுக்கு ஒரே பெயர் வைக்க முடியாது. உங்களுடையது நர்சரிக் கன்று, அந்தக் குழப்பம் குறைவு.

இன்னொன்று, மறக்காமல் செய்யுங்கள். ஃப்ரீமன் வகை வேகமாக வளரும், சில ரகங்களில் கிளைகள் குறுகிய கோணத்தில் கிளம்பும். இரண்டு கிளை ஒட்டி நின்று நடுவில் பட்டை உள்ளே மடங்கியிருந்தால், புயலில் பிளப்பது அந்த இடத்தில்தான். மரம் இளசாக இருக்கும்போதே ஒன்றைக் கழித்துவிடுவது நல்லது.

நீர்க்கரை:

என் சோதனை இந்த மரத்துக்குப் பொருந்தவில்லை, ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் நார்வேயும் சர்க்கரையும் லேசுப்பட்ட ஜோடி இல்லை. கனடாவின் 20 டாலர் பாலிமர் நோட்டு 2012-இல் வந்தபோது, அதில் இருக்கும் இலை சர்க்கரை மேப்பிள் இல்லை, நார்வே மாதிரி இருக்கிறது என்று தாவரவியலாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். நார்வே ஐரோப்பாவிலிருந்து வந்த மரம். குளிர்காலத்தில் மொட்டைப் பாருங்கள்: சர்க்கரையில் பழுப்பாக ஊசி மாதிரி கூர்மை, நார்வேயில் தடித்துக் கொழுத்த மொட்டு. விதை ஜோடியும் நார்வேயில் கிட்டத்தட்ட நேர்கோடாக விரிந்து நிற்கும்.

செந்தளிர்:

ஆறு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். போன வாரம் பூத்தது. ஏணி போட்டு ஒரு கொத்து எடுத்து லென்ஸில் பார்த்தோம். பெண்பூ. இதழ் இருக்கிறது, ஆனால் மிகவும் சிறியது, முதலில் இல்லை என்றே நினைத்தோம். சூலகத்தில் ரோமம் இருக்கிறது, அடர்த்தியாக இல்லை, அங்கங்கே.

கிளைநுனி:

கலப்புதான். இதழும் இருந்து ரோமமும் இருந்தால் எனக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. காய் பிடித்தால் அளந்து சொல்லுங்கள்.

செந்தளிர்:

காய் ரொம்பக் குறைவு. விழுந்ததில் ஏழு பொறுக்கினோம், எல்லாம் 3 செ.மீ. பக்கம். மகள் இடம் விட்டிருந்த தாளில் ஃப்ரீமன் மேப்பிளின் அறிவியல் பெயரை, ‘ஏசர் × ஃப்ரீமனியை’ என்று எழுதிவிட்டாள். மரத்தின் பெயரில் ஏன் பெருக்கல் குறி என்று கேட்டாள், கலப்பு என்பதைக் காட்டும் குறி என்று சொன்னேன். இப்போது எதிர்வீட்டு மரத்துக்கும் லென்ஸை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்கிறாள். அதன் பூ உதிர்ந்துவிட்டது, அடுத்த வசந்தம்தான்.